ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஏடுகள்

வரலாறு என்றவுடன் நம் மாணவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைக்கிறார்கள். பாடநூல்கள் அவர்களை அவ்வாறே பழக்கியுள்ளன. மன்னன் வழங்கிய நிலத்துக்கும், வணிகன் எழுப்பிய மண்டபத்துக்கும், படை வென்ற ஊருக்கும் கல்லிலும் செம்பிலும் சான்று உண்டு. கூலி வேலை செய்து, சிறு வீட்டில் குடியிருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மக்கள் தங்கள் குறையை யாரிடம் எடுத்துரைத்தனர், என்ன விடை பெற்றனர் என்பதற்குச் சான்று எங்கே உளது? மனுவின் நகலிலும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டிலும், சந்தா இரசீதிலும், கையெழுத்துத் தாளிலும் அது அடங்கியுள்ளது. இவை காகிதமாதலால் எளிதில் அழிகின்றன. அவை அழிந்தபின், அம்மக்கள் வாய் திறக்கவே இல்லை என்று பிற்காலத்தார் எழுதிவிடுகின்றனர்.

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்த நாட்டில் சாதாரணத் தெருமக்கள் அமைத்த ஒரு சங்கத்தின் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அச்சங்கம் எதனை எழுதி வைத்தது, எழுதி வைத்ததால் எதனை வென்றது, எவரை எழுதாமல் விட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் இவ்வரலாற்றில் விடை கிடைக்கும்.

மூடப்பட்ட பள்ளம்

அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு எல்லையில் நயாகரா நீர்வீழ்ச்சியின் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று உண்டு. 1890களில் வில்லியம் லவ் என்பவர் நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இணைத்துக் கால்வாய் வெட்டி, அந்நீரின் வீழ்ச்சியால் மின்சாரம் எடுத்து, ஒரு மாதிரி நகரம் அமைக்கத் திட்டமிட்டார். பொருளாதார நெருக்கடியால் திட்டம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 3,000 அடி நீளமுள்ள ஒரு பள்ளம் மட்டும் எஞ்சியது. ‘லவ் கால்வாய்’ என்பது அதன் பெயராயிற்று.

1942ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை ஹூக்கர் என்னும் இரசாயன நிறுவனம் தன் கழிவுகளை இப்பள்ளத்தில் கொட்டியது. அவற்றின் அளவு 21,000 டன்னுக்கும் மேற்பட்டது. பிறகு அதனை மண்ணிட்டு மூடி, 1953ஆம் ஆண்டு நகரக் கல்விக் குழுவுக்கு ஒரே ஒரு டாலர் விலைக்கு விற்றது. அங்கே இரசாயனக் கழிவு புதைந்துள்ளது என்பதும், அதனால் நேரும் கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பதும் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் அவ்விடத்தில் தொடக்கப்பள்ளி கட்டப்பெற்று 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சுற்றிலும் தொழிலாளர் குடும்பங்கள் சிறு வீடுகள் வாங்கிக் குடியேறின. பத்திரத்தில் இருந்த வாசகம் வீடு வாங்கியவர்களின் காதுக்கு எட்டவில்லை. எழுதப்பட்ட ஒன்று பெட்டியில் பூட்டிக் கிடப்பின் எழுதாததற்கு ஒப்பாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆண்டுகள் செல்லச் செல்ல, மழையிலும் பனியுருகலிலும் பள்ளத்து நீர் பொங்கியது. அடித்தளங்களில் கருநிறக் கசிவு தோன்றியது. பள்ளி மைதானத்தில் துர்நாற்றம் எழுந்தது. 1976ஆம் ஆண்டு முதல் உள்ளூர் நாளிதழ் ஒன்று இதனைத் தொடர்ந்து வெளியிட்டது.

ஒரு தாயின் மனு

அக்குடியிருப்பின் 101ஆம் தெருவில் வாழ்ந்தவர் லோயிஸ் கிப்ஸ் அம்மையார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. பள்ளிப் படிப்புக்கு மேல் படித்தவர் அல்லர். கணவர் இரசாயன ஆலைத் தொழிலாளி. அவர்களுடைய மகன் மைக்கேல் அப்பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் வலிப்பு நோய்க்கு ஆளானான். நாளிதழ்ச் செய்தியைப் படித்த தாய், மகனை வேறு பள்ளிக்கு மாற்றித் தருமாறு மருத்துவர் கடிதத்துடன் கேட்டார். கோரிக்கை மறுக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு அனுமதித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுமதிக்க நேரும் என்பது அதிகாரியின் வாதம்.

அவ்வாதத்திலேயே அம்மையாருக்கு வழி புலப்பட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கேடாயின், எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும் அன்றோ? 1978ஆம் ஆண்டு கோடையில், பள்ளியை மூடக் கோரும் மனுத்தாளுடன் வீடு வீடாகச் சென்றார். முதல் நாள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, எவரும் திறக்காமையால் அச்சத்துடன் வீடு திரும்பியதை அவரே பின்னர் தம் நூலில் எழுதியுள்ளார். மறுநாள் மீண்டும் புறப்பட்டார். கையெழுத்து வாங்கச் சென்றவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோய்க் கதையைக் கேட்டார். ஒரு வீட்டில் கருச்சிதைவு, அடுத்த வீட்டில் குறையோடு பிறந்த குழந்தை, அதற்கடுத்த வீட்டில் ஓயாத தலைவலி. தனித்தனி வீட்டில் தனித்தனித் துன்பமாக இருந்தவை ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட்டபோது தெருவின் துன்பமாக உருப்பெற்றன.

1978 ஆகஸ்டு 2ஆம் நாள், மாநில நல்வாழ்வு ஆணையர் ராபர்ட் வேலன் அவசர நிலையை அறிவித்தார். பள்ளி மூடப்பட வேண்டும், கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றார். மூன்று வயதுப் பிள்ளைக்கு நஞ்சு நஞ்சாகாதோ என்று தாய்மார் கொதித்தெழுந்தனர். ஆகஸ்டு 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கூட்டாட்சி அரசின் அவசர நிலையை அறிவித்தார். பள்ளத்தை ஒட்டிய இரு வரிசைகளில் இருந்த 239 குடும்பங்களின் வீடுகளை மாநில அரசு விலைக்கு வாங்க இசைந்தது. அவ்வீடுகளைச் சுற்றி வேலி எழுந்தது.

வேலிக்கு வெளியே எழுநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் எஞ்சின. கிப்ஸ் அம்மையாரின் வீடும் அவற்றுள் ஒன்று. அரசின் கணக்கில் நஞ்சு வேலியோடு நின்றுவிட்டது.

சங்கமும் அதன் நான்கு கோரிக்கைகளும்

அவ்வாகஸ்டு மாதத்திலேயே லவ் கால்வாய் வீட்டு உரிமையாளர் சங்கம் தோன்றியது. கிப்ஸ் அம்மையார் தலைவரானார். ஐந்நூறு அளவிலான குடும்பங்கள் அதில் சேர்ந்தன. சங்கத்துக்கு ஊதியம் பெறும் ஊழியர் இலர். வீட்டு வேலையை முடித்த பெண்களே தொலைபேசி எடுத்தனர், கடிதம் எழுதினர், கணக்குப் பார்த்தனர்.

அவர்கள் வகுத்த கோரிக்கைகள் நான்கே. வெளியேற விரும்பும் குடும்பங்கள் அனைத்தும் வெளியேற்றப்பட வேண்டும். வீடுகளின் மதிப்புக்கு உரிய விலை தரப்பட வேண்டும். பள்ளம் முறையாகச் சீர்செய்யப்பட வேண்டும். சுற்றுப்பகுதி முழுவதும் காற்று, மண், நீர் ஆய்வு செய்யப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போராட்டத்தில் இந்நான்கிலிருந்து அவர்கள் வழுவவில்லை. கோரிக்கை நாற்பதாகும்போது அதிகாரிக்கு முப்பத்தொன்பதைத் தள்ளிவைக்க வசதி ஏற்படுகிறது என்பதை மனு எழுதிய அனுபவம் உள்ளோர் அறிவர்.

ஊசி குத்திய வரைபடம்

சங்கத்தின் ஏடுகளுள் தலையாயது ஒரு தெரு வரைபடம். கிப்ஸ் அம்மையார் வீட்டுக்கு வீடு திரட்டிய நோய் விவரங்களை அவ்வரைபடத்தில் குறித்து வந்தார். நோயுள்ள வீடுகள் பள்ளத்தைச் சுற்றிச் சமமாகப் பரவியிருக்கவில்லை. வளைந்த கோடுகளாக, பள்ளத்திலிருந்து வெகுதூரம் சென்றன. இதன் பொருள் என்ன? ஊரின் முதியோரைக் கேட்டனர். வீடுகள் கட்டப்படுமுன் அங்கே சிற்றோடைகளும் தாழ்வான ஈரநிலங்களும் இருந்தன, அவற்றை மண்ணிட்டு நிரப்பியே மனைகள் போட்டார்கள் என்று முதியோர் கூறினர். பழைய புகைப்படங்களையும் காட்டினர். முதியோர் நினைவில் இருந்த ஓடைகளும் வரைபடத்தில் இருந்த நோய்க் கோடுகளும் பெரிதும் பொருந்தின. மறைந்த ஓடையின் தடம் வழியே நஞ்சு பயணம் செய்கிறது என்று சங்கம் முடிவு கட்டியது.

பஃபலோ நகர ராஸ்வெல் பார்க் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலறிஞர் பெவர்லி பெய்கன் அம்மையார் தாமே முன்வந்து இவ்விவரங்களை ஆராய உதவினார். ஈரத்தடத்து வீடுகளில் கருச்சிதைவும் பிறவிக்குறையும் மிகுதி என்னும் முடிவு வெளிவந்தது. மாநில நல்வாழ்வுத் துறை இதனை ஏற்கவில்லை. வீட்டுப் பெண்கள் திரட்டிய தகவல் எதற்கும் பயன்படாது என்ற ஏளனமே முதல் விடையாக வந்தது.

எனினும் ஏளனத்தால் ஏட்டை அழிக்க இயலவில்லை. 1979 பிப்ரவரி 8ஆம் நாள், அடுத்த ஆணையராகிய டேவிட் ஆக்ஸல்ராட், வேலிக்கு வெளியேயுள்ள பகுதியிலும் கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தற்காலிகமாக வெளியேறலாம் என ஆணையிட்டார். வேலிக்கு வெளியேயும் கேடு உண்டு என்பது அரசின் கையாலேயே எழுதப்பட்டுவிட்டது. குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால் அக்குடும்பம் மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவ்வாணையின் விந்தை. சங்கம் இவ்விந்தையையே ஊர் அறியச் செய்தது.

போராட்டம் மேசையோடு நிற்கவில்லை. பனி பெய்யும் அதிகாலையில் பெண்கள் வேலை நடக்கும் இடத்து வாயிலை மறித்துக் கைதாயினர். குழந்தைகளின் சவப்பெட்டி போன்ற உருவத்தைத் தலைநகர் ஆல்பனிக்குச் சுமந்து சென்றனர். 1980 மே மாதம் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் நிறுவனம், பரிசோதிக்கப்பட்ட 36 பேருள் 11 பேருக்கு மரபணுத் திரிகளில் சேதம் காணப்படுவதாக அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பகுதி மக்களைச் சோதிக்காமையால் அவ்வாய்வை அறிஞர் பலர் குறைகூறினர்; அக்குறை நியாயமானதே. ஆனால் அச்செய்தியைக் கேட்ட பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மே 19ஆம் நாள் அந்நிறுவனத்தின் இரு அலுவலர்களைச் சங்க அலுவலகத்தை விட்டுப் போகவிடாமல் சில மணி நேரம் மக்கள் தடுத்து வைத்தனர். மே 21ஆம் நாள் குடியரசுத் தலைவர் இரண்டாம் அவசர நிலையை அறிவித்தார். அக்டோபர் 1ஆம் நாள் அவரே அந்நகருக்கு வந்து, எஞ்சிய குடும்பங்களும் நிலையாக வெளியேறுவதற்கான நிதி உடன்பாட்டில் கையெழுத்திட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், நச்சுக் கழிவிடங்களைத் துப்புரவு செய்யும் செலவை அதற்குக் காரணமானவரிடமே வசூலிக்க வகை செய்யும் சட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ‘சூப்பர்ஃபண்ட்’ என்பது அதன் வழக்குப் பெயர். ஹூக்கர் நிறுவனத்தை வாங்கியிருந்த ஆக்சிடெண்டல் நிறுவனம் 1995ஆம் ஆண்டு கூட்டாட்சி அரசுக்கு 129 மில்லியன் டாலர் அளிக்க இசைந்தது. லவ் கால்வாய் 2004ஆம் ஆண்டுதான் அச்சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மூடப்பட்ட பள்ளத்தைச் சுற்றிய வேலி அதன் பின்னரும் நீக்கப்படவில்லை.

ஏட்டில் விடுபட்டோர்

இத்துடன் முடித்தால் இது ஒரு வெற்றிக் கதையாகும். நாம் அவ்வாறு முடிக்கலாகாது. சங்கத்தின் பெயரை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அது வீட்டு உரிமையாளர் சங்கம். வீடு உரிமையில்லாதவர் அங்கே இருந்தனரா?

இருந்தனர். பள்ளத்தின் மேற்குப் புறத்தில் கிரிஃபன் மேனர் என்னும் அரசு உதவி பெற்ற வாடகைக் குடியிருப்பு இருந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. அங்கே வாழ்ந்தோருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வறியவர், பல குடும்பங்களைத் தாய்மாரே தாங்கினர். அவர்களுடைய பிள்ளைகளும் அதே பள்ளியில் படித்தனர், அதே மைதானத்தில் விளையாடினர், அதே காற்றை உட்கொண்டனர். ஆயினும் நாளிதழ்ப் புகைப்படங்களில் பெரும்பாலும் இடம்பெற்றவை வெள்ளையர் குடும்பங்களும் அவர்களின் சிறு வீடுகளும் புல்வெளிகளுமே.

வாடகைக்கு இருப்போர் விரும்பிய நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாமே, அவர்களுக்கு என்ன இழப்பு என்று கேட்டவர்கள் அன்று உண்டு. வீட்டு விலை கேட்டுப் போராடிய சங்கத்தின் கோரிக்கைகளுள் விற்பதற்கு வீடில்லாதவரின் கேள்விக்கு இடம் குறைவாகவே இருந்தது. அவர்களின் கேள்வி வேறு. இந்தக் குறைந்த வாடகைக்கு வேறெங்கு இடம் கிடைக்கும்? பிள்ளைகள் மிகுந்த கறுப்பினக் குடும்பத்துக்கு எந்த வீட்டுக்காரர் கதவு திறப்பார்? வீடு வாடகைக்கு விடுவதில் நிறவேற்றுமை காட்டலாகாது எனச் சட்டம் 1968ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. சட்டம் இயற்றிய நாளிலேயே கதவுகள் திறந்துவிடுவதில்லை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே அவர்கள் தனியே ஒரு சங்கம் கண்டனர். லவ் கால்வாய் வாடகைக் குடியிருப்போர் சங்கம் எனலாம். எலீன் தார்ன்டன் அம்மையார் அதன் குரலாக விளங்கினார். வாடகைக் குடியிருப்பையும் ஆய்வில் சேர்க்க வேண்டும், வெளியேறும் உதவி தங்களுக்கும் உண்டு என்று அவர்கள் வாதிட்டனர். 1980ஆம் ஆண்டு ஏற்பாட்டில் வாடகைக் குடும்பங்களும் இடம்பெயர உதவி பெற்றன. பின்னர் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது.

போராட்டம் முடிந்தபின் இவர்களுக்கு நேர்ந்தது நம் சிந்தனைக்கு உரியது. 1982ஆம் ஆண்டு தொடங்கி லவ் கால்வாய் பற்றி நூல்கள் வெளிவந்தன. அவற்றில் வீட்டு உரிமையாளரின் வரலாறே விரிவாகப் பேசப்பட்டது. வாடகைக் குடியிருப்போர் ஓரத்தில் நின்றனர். 2008ஆம் ஆண்டு எலிசபெத் பிளம் என்னும் வரலாற்று ஆசிரியை இனம், வர்க்கம், பெண்நிலை ஆகியவற்றை முன்வைத்து அவ்வரலாற்றை மீண்டும் எழுதியபோதுதான் அவர்களின் பங்கு விரிவாக வெளிப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில், 1982ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்தில் கறுப்பின மக்கள் மிகுந்த பகுதியில் நச்சு மண் கொட்டப்படுவதை எதிர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1987ஆம் ஆண்டு ஒரு கிறித்தவத் திருச்சபையின் ஆய்வு, நச்சுக் கழிவிடங்கள் அமையும் ஊர்களுக்கும் அங்கு வாழ்வோரின் நிறத்துக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரங்களுடன் நிறுவியது. ஊரின் கழிவு எவர் வாசலில் கொட்டப்படுகிறது என்னும் கேள்வி அந்நாட்டிலும் பிறப்போடு பிணைந்தே கிடந்தது.

அப்படியாயின், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவரால் அவ்வரலாற்றை எழுத முடிந்தது எவ்வாறு? 1979ஆம் ஆண்டு பல திருச்சபைகள் கூடி அமைத்த துணைக்குழு ஒன்று அங்கே தொண்டு செய்தது. அக்குழுவின் கடிதங்களும் குறிப்புகளும் இன்று பஃபலோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இத்தகைய தாள்களும், உயிருடன் இருந்தோரின் வாய்மொழியும் இருந்தமையால் வாடகைக் குடியிருப்போரின் குரல் மீட்கப்பட்டது.

நம் கடமை

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உள.

குறையை வீட்டுக்கு வீடு சென்று கேட்டு எழுதுங்கள். “எங்கள் தெருவில் பலருக்குக் குடிநீர் வருவதில்லை” என்னும் மனு ஒரு முறையீடு. எந்தெந்த வீட்டில், எந்தத் தேதி முதல், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதிய மனு ஒரு சான்று. முன்னதை அதிகாரி ஒரு வரியில் மறுக்கலாம். பின்னதை மறுக்க அவர் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

முதியோரின் நினைவை மதியுங்கள். பஞ்சாயத்து வரைபடத்தில் இல்லாத பாதையும், மறைந்துபோன கிணறும், கைமாறிய நிலமும் அவர்கள் நெஞ்சில் உள்ளன. பள்ளிக்கூடம் போகாதவர் என்று ஒதுக்காமல், அவர் சொல்வதை நாளும் பெயரும் இட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வையுங்கள். ஒப்புதல் இரசீதை அதனுடன் தைத்து வையுங்கள். பதில் வந்த நாளையும், வராவிடில் வரவில்லை என்பதையும் குறியுங்கள். வராத பதிலும் வரலாற்றில் ஒரு பதிலே.

இறுதியாக ஒன்று. ஒடுக்கப்பட்டோரின் சங்கத்துக்குள்ளேயும் ஓரத்தில் நிற்போர் உண்டு. சொந்த வீடு உடையவர் பேசும்போது புறம்போக்கில் குடிசை போட்டவர் வாய்மூடி நிற்பார். ஆடவர் பேசும்போது பெண்டிர் வாசற்படியில் நிற்பர். அரசுப்பணி பெற்றவர் பேசும்போது துப்புரவுப் பணியாளர் எழுந்து வெளியே போவார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் வந்தவர் பெயரை எழுதும்போது இவர்களையும் எழுதுங்கள்; இவர்கள் கேட்டதையும் இவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். இவர்கள் வரவில்லையெனில், ஏன் வரவில்லை என்று மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று கேட்டுவிட்டு அதனையும் எழுதுங்கள்.

இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, மலர் தொகுக்கும் பொறுப்பை ஏற்கும் பிள்ளை இன்று தொட்டிலில் இருக்கலாம். அப்பிள்ளை நம் அலமாரியைத் திறக்கும் நாளில், தன் பாட்டியின் பெயரையும் அவர் இட்ட கைந்நாட்டையும் அங்கே காணுமாறு செய்வது இன்றைய நம் வேலை.